ஃப்ரீலான்ஸ் போவதா, சொந்த ஆர்டர் பிடிப்பதா: நோட்டைத் திறந்து ஒரு கணக்கு

"அண்ணே, இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவங்க ஸ்டூடியோவுக்கே போய்க்கிட்டு இருக்கிறது? நானே ஆர்டர் எடுத்தா என்ன?"

கேமரா வாங்கி இரண்டு வருடம் ஆன எந்தப் பையனும் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுவான். போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் பதில் என் கணக்கு நோட்டில் இருக்கிறது, நோட்டு வீட்டில் இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் திருச்சிக்காரன். 12 வருடமாகக் கல்யாண போட்டோகிராபிதான் பிழைப்பு. முதல் 2 வருடம் ஒரு ஸ்டூடியோவில் மாதச் சம்பளம், அடுத்த 4 வருடம் பல ஸ்டூடியோக்களுக்கு ஃப்ரீலான்ஸ், அப்புறம் 3 வருடம் சொந்த ஆர்டர் மட்டும்தான் என்று வீம்பாக இருந்தேன், இப்போது 3 வருடமாக இரண்டையும் கலந்து ஓட்டுகிறேன். ஆக எல்லாப் பக்கமும் அடி வாங்கியவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் ஒரு விஷயம். ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு இப்போது நான்கு பேர் வேண்டும். சடங்கையும் குரூப் படங்களையும் எடுக்க டிரெடிஷனல் போட்டோ ஒருவர், டிரெடிஷனல் வீடியோ ஒருவர், போஸ் கொடுக்காத நேரத்தில் இயல்பாக எடுக்கும் கேண்டிட் போட்டோ ஒருவர், சினிமா மாதிரி எடுக்கும் சினிமாட்டிக் வீடியோ ஒருவர். இது போக லைட் பிடிக்க ஒரு பையன். இந்த நான்கு பேரில் ஒருவராகப் போய், எடுத்து, மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு வருவது ஃப்ரீலான்ஸ். நான்கு பேரையும் நீங்களே அமர்த்தி, ஆல்பத்தை அச்சடித்துக் கையில் கொடுக்கிற வரை பொறுப்பேற்பது சொந்த ஆர்டர். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுமே கழுத்தில் கேமரா தொங்கும் வேலைதான். உள்ளே இவை இரண்டும் வேறு வேறு தொழில்.

கையில் நிற்பது எவ்வளவு

என் நோட்டில் இருந்து ஒரு ஆர்டரை அப்படியே எடுத்துப் போடுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். பேசிய தொகை 1,20,000 ரூபாய், நான் கேண்டிட் எடுத்தேன். டிரெடிஷனல் போட்டோவுக்கு வந்தவருக்கு 7,000, வீடியோவுக்கு 7,000, சினிமாட்டிக் தம்பிக்கு 14,000, லைட் பையனுக்கு 2,000. கார், பெட்ரோல், வழியில் சாப்பாடு 4,500. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று 40 ஷீட்டில் இரண்டு ஆல்பம், 19,000. ஆல்பம் டிசைனிங் ஷீட்டுக்கு 100 வீதம் 8,000. வீடியோ எடிட்டிங் இரண்டும் சேர்த்து 15,000. பென் டிரைவ், ஒரு பெரிய ஃபிரேம், "இது ஃப்ரீயா வராதா தம்பி?" என்று கேட்டு வாங்கிய காலண்டர், எல்லாமாக 3,500. கூட்டினால் 80,000. எனக்கு நின்றது 40,000.

அதே இரண்டு நாளுக்கு இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கேண்டிட் போயிருந்தால் எனக்கு 14,000. ஆக 40,000 பெரிதா 14,000 பெரிதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நானும் அப்படித்தான் 3 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஆடி மாதத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்து மணிக்கணக்கை எழுதிப் பார்த்தேன்.

ஃப்ரீலான்ஸ் என்றால் பயணம், பேட்டரி சார்ஜ், லென்ஸ் துடைப்பது எல்லாம் சேர்த்து 20 மணி நேரம். 14,000ஐ 20ஆல் வகுத்தால் மணிக்கு 700. சொந்த ஆர்டரில் அந்த 20 மணி நேரம் அப்படியே இருக்கிறது. அதோடு ஆர்டர் பேசுவதற்கு இரண்டு முறை வீட்டுக்குப் போனது, 4,000 படத்தில் இருந்து கழித்துக் கழித்து நல்லதைப் பிரித்தது, கலர் பார்த்தது, ஆல்பத்தில் பெரியப்பா படம் சின்னதாகிவிட்டது என்று மூன்று தடவை திருத்தியது, ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கு அலைந்தது, போன் பேசியது. எல்லாம் சேர்த்து 75 மணி நேரத்துக்குக் குறையவில்லை. 40,000ஐ 75ஆல் வகுத்தால் 533 ரூபாய். கடைசித் தவணையில் "ஒரு பத்தாயிரம் குறைச்சுக்கங்க" என்று கேட்டு நாமும் தலையாட்டிவிட்டால் 400.

சரி, அப்போது ஃப்ரீலான்ஸ்தான் லாபமா? இல்லை. மணிக்கணக்கும் பாதி உண்மைதான். நம்மிடம் குறைவாக இருப்பது மணி நேரம் இல்லை, முகூர்த்தத் தேதி. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, புரட்டாசியில் பாதிப் பேர் வைப்பதில்லை, மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். வைகாசியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்தால் திருச்சியில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார், நல்ல சினிமாட்டிக் ஆளும் கிடைக்க மாட்டான். அந்த ஒரு தேதியை நான் 14,000க்கு விற்கிறேனா 40,000க்கு விற்கிறேனா என்பதுதான் கேள்வி. எடிட்டிங் வேலையை ஆடிக்குத் தள்ளலாம், முகூர்த்தத்தைத் தள்ள முடியாது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, இதை யாரும் புதுப் பையன்களுக்குச் சொல்வதில்லை. பெரிய முகூர்த்தத்தில் சொந்த ஆர்டர் எடுத்தால் நீங்கள் அமர்த்த வேண்டிய ஆட்களுக்கும் அன்றைக்குத்தான் கிராக்கி. 14,000க்கு வருகிற சினிமாட்டிக் ஆள் 18,000 கேட்பான், அதுகூடப் பரவாயில்லை, முந்தின நாள் மதியம் "அண்ணே, காய்ச்சல்" என்பான். அந்தக் காய்ச்சலின் பெயர் 20,000 என்று நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மாற்றாக யாரோ ஒருவரைப் பிடித்துப் போட்டால் வீடியோ ஆடும், பெயர் நம்முடையது கெடும். இப்படி இரண்டு முறை பட்ட பிறகு நான் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். எல்லோரும் முட்டி மோதும் தேதியில் நான் ஃப்ரீலான்ஸ் போகிறேன், அன்றைக்கு எனக்கும் கிராக்கிதான், கேட்டதைக் கொடுப்பார்கள், ஆள் வராத தலைவலி ஸ்டூடியோ அண்ணனுடையது. தேய்பிறை முகூர்த்தம், வார நாள் முகூர்த்தம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு இவற்றில் சொந்த ஆர்டர். அன்றைக்கு எனக்கு வேண்டிய அதே நான்கு பேர் கிடைக்கிறார்கள்.

மேடையில் யார் முதலாளி

காசை விட்டுவிட்டு வேலைக்கு வருவோம். கெட்டி மேளம் என்று ஐயர் கையைத் தூக்குகிறார். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் எகிறுகின்றன. முன் வரிசை மொத்தமும் எழுந்து செல்போனை நீட்டுகிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, நாத்தனார் பின்னால் இருந்து கையை நீட்டுகிறார், பெண்ணின் பின்னல் மறைக்கிறது, அட்சதை லென்ஸ் மேல் விழுகிறது. எல்லாம் பத்து இருபது விநாடி. இதில் ஃப்ரீலான்ஸ் போனவனுக்கு இடம் எங்கே? டிரெடிஷனல் அண்ணன் நேர் எதிரில், அவருக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் ஆல்பத்தின் நடுப்பக்கம் அவர் படம். வீடியோக்காரர் அவர் தோளுக்கு மேலே. நான் ஓரத்தில் 85 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தாலி முடிச்சு தெரியவில்லை என்றால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தில்தான் என்னுடைய நல்ல படங்கள் எல்லாம் வந்தன. கண் கலங்கி, அதை மறைக்க மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற அப்பா, தூங்கி விழுகிற தோழிப் பெண், அம்மி மிதிக்கும்போது மெட்டி சிக்கிக்கொண்டு சிரித்துவிட்ட மாப்பிள்ளை.

சொந்த ஆர்டரில் அதே நேரம் என் கண் பாதி வ்யூஃபைண்டரிலும் பாதி லைட் பையன் மேலும் இருக்கும். பின்னால் எல்ஈடி திரை எரிந்துகொண்டே இருக்கிறதே, யாராவது அணைத்தார்களா, மாமா படம் எடுக்கக் கூப்பிட்டாரே, டிரோன்காரன் எங்கே போனான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மலிவு எல்ஈடிக்குக் கீழே கேமராவில் சத்தமில்லாமல் எடுக்கும் சைலண்ட் ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும், ஷட்டர் வேகத்தை 100இல் 1 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்றும் தெரியும். தெரிந்தும் ஒரு சொந்த ஆர்டரில் மாலை மாற்றும் நேரம் முழுக்கப் பட்டையோடு எடுத்து வந்தேன், அன்றைக்கு மண்டபக்காரரோடு ஜெனரேட்டர் டீசல் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால். முதலாளியாக இருந்துகொண்டே நல்ல போட்டோகிராபராகவும் இருப்பது ஆகாத காரியம் இல்லை, ஆனால் எனக்கு வரவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டிலும் ஒரே கதி. கடைசிப் பந்தி. ஃப்ரீலான்ஸ் போன நாளில் இலையில் உட்காரும்போதே ஸ்டூடியோ பையன் லேப்டாப்போடு எதிரில் வந்து "கார்டு குடுங்கண்ணே, காப்பி போட்டுடறேன்" என்பான், கொடுத்துவிட்டுப் பாயசம் குடிக்கலாம், வேலை முடிந்தது.

பாக்கி

சொந்த ஆர்டரின் இருட்டுப் பக்கம் இதுதான். 1,20,000 பேசினால் 30,000 அட்வான்ஸ், கல்யாணத்தன்று 60,000, ஆல்பம் கொடுக்கும்போது 30,000 என்பது நடைமுறை. இந்தக் கடைசி 30,000 ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, ஆல்பம் அவர்கள் படம் தேர்ந்தெடுத்துத் தருவதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, தேர்ந்தெடுக்க வேண்டிய மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். எனக்கு ஒரு வீட்டில் படம் தேர்ந்தெடுக்க 11 மாதம் ஆனது. நடுவில் ஒருநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். தேர்ந்தெடுத்துவிட்டார்கள்போல என்று ஆசையாக எடுத்தால், "தம்பி, வளைகாப்பு வச்சிருக்கோம், நீங்களே வந்துடுங்க, ரெண்டுக்கும் சேர்த்துக் குடுத்துடறோம்." நல்ல மனுஷர்கள், ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது, கொடுத்தும் விட்டார்கள். ஆனால் அந்த 11 மாதத்தில் ஆல்பத்துக்கான பேப்பர் விலையும் ஏறியது, என் கிரெடிட் கார்டும் ஏறியது. இப்போது நான் கல்யாணத்தன்றே 90 சதவீதம் வாங்கிவிடுகிறேன், 60 நாளில் படம் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் நானே தேர்ந்தெடுத்து அச்சுக்குப் போட்டுவிடுவேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். கையெழுத்து என்றதும் சில பேர் முகம் மாறும். மாறட்டும்.

ஃப்ரீலான்ஸில் பாக்கியே இல்லை என்று சொல்ல மாட்டேன். "கல்யாண வீட்ல இன்னும் வரலை தம்பி" என்று மூன்று மாதம் இழுத்த ஸ்டூடியோவும் உண்டு, வந்த பிறகும் மறந்துபோன ஸ்டூடியோவும் உண்டு. ஆனால் அங்கே மாட்டிக்கொள்வது 14,000. சொந்த ஆர்டரில் அடுத்தவர்களுக்கு என் கைக்காசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

வரி விஷயமும் இதில்தான் கடிக்கும். சேவைத் தொழிலுக்கு வருடத்துக்கு 20 லட்சம் மொத்த வரவு தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இது கையில் நிற்பதை வைத்து இல்லை, பில் தொகையை வைத்து. 1,20,000 வீதம் 18 ஆர்டர் எடுத்தாலே 21,60,000 ஆகிவிடும், கையில் நின்றது 7,20,000தான். அதே நேரம் 14,000 வீதம் 60 கல்யாணம் ஃப்ரீலான்ஸ் போனால் கையில் 8,40,000, ஜிஎஸ்டி பக்கமே போக வேண்டாம். போட்டோகிராபிக்கு 18 சதவீதம், அதைக் கல்யாண வீட்டில் தனியாகக் கேட்டால் "அந்தத் தெருவில இன்னொருத்தர் இல்லாமலே பண்றாரே" என்பார்கள். 50 லட்சம் வரை 6 சதவீதத்தில் முடித்துக்கொள்ளும் காம்போசிஷன் வழியும் உண்டு, ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது, நம் கையில் இருந்துதான் போகும். ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசாமல் ஆர்டர் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள்.

படம் யாருடையது

ஃப்ரீலான்ஸ் போகிறவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். அந்த மூக்குக் கண்ணாடி அப்பா படம் என்னுடைய கண் பார்த்தது, ஆனால் இன்ஸ்டாகிராமில் ஸ்டூடியோ லோகோவோடு வந்தது, என் பெயர் கிடையாது. கேட்டபோது "நாங்கதான் காசு குடுத்தோம்" என்றார்கள். கோபம் வந்தது. அப்புறம் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இதே கத்தி சொந்த ஆர்டர்காரர்களையும் வெட்டும். எழுத்தில் எதுவும் இல்லை என்றால் கல்யாணப் படத்தின் உரிமை உங்களுடையது இல்லை, கல்யாண வீட்டுடையது. பெண்ணுக்குப் பிடிக்காமல், போட்ட படத்தை நீக்கச் சொன்னால் நீக்கத்தான் வேண்டும், சட்டம் இல்லாவிட்டாலும் நீக்கத்தான் வேண்டும். நான் ஸ்டூடியோக்களிடம் வாட்ஸப்பில் முன்கூட்டியே ஒரு வரி வாங்கிக்கொள்கிறேன்: நீங்கள் போட்ட 30 நாளுக்குப் பிறகு, உங்கள் பெயரையும் சேர்த்து, 10 படம் நான் போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் சரி என்கிறார்கள்.

மாதச் சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் சம்பளம் வரும், அது பெரிய விஷயம், வீட்டு வாடகை கொடுக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பாஸ்போர்ட் சைஸ் படம் முதல் லேமினேஷன் வரை கற்றுக்கொள்ளலாம், கோபமாக வருகிற வாடிக்கையாளரை உட்கார வைக்கக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் உங்கள் கண் அந்த ஸ்டூடியோவின் கண்ணாகிவிடும். எனக்கு ஆனது.

ஆடியும் மார்கழியும்

இந்த இரண்டு மாதத்தில் ஃப்ரீலான்ஸ்காரனுக்குப் போன் அடிக்காது. சொந்தமாகப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வருடம் முழுக்க நடக்கும், பிறந்த நட்சத்திரத்தை வைத்துச் செய்வதால் ஆடி, மார்கழி என்ற தடை இல்லை. அங்கே ஒரு அரை நாள் ஆர்டருக்கு இரண்டு ஆள் போதும், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்திருப்பார்கள், ஆல்பத்தைப் பார்த்து அழுகிற வயதில் இருக்கிறவர்கள் பாக்கி வைக்க மாட்டார்கள். சர்ச் கல்யாணம் ஆடியில் நடக்கும், கத்தோலிக்கர்கள் தவிர்ப்பது முக்கியமாகத் தவக்காலத்தை. பாதிரியார் பலிபீடத்துக்குப் பக்கத்தில் விடுவாரா, ஃபிளாஷ் போடலாமா என்று முன்னாடியே போய்க் கேட்டுவிட வேண்டும்.

கம்பெனி விழா, கல்லூரி ஆண்டு விழா இன்னொரு வழி. பேரம் குறைவு, ஆல்பம் கிடையாது, மறுநாள் லிங்க் அனுப்பினால் முடிந்தது. பணம்தான் ஆமை வேகம். டிடிஎஸ், அதாவது வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஒப்பந்த வேலை என்று பார்த்தால் 1 சதவீதம், தொழில்முறைக் கட்டணம் என்று பார்த்தால் 10 சதவீதம், வருமான வரி தாக்கல் செய்தால்தான் அது திரும்பும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதைச் செய்து பில்லில் எண்ணைப் போட்டுவிடுங்கள். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளுக்குத் தெரியும், எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கேமராவில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில். இரண்டு மெமரி கார்டு போடுகிற கேமரா பாடி வாங்குங்கள். நிகான் டி750 போன்ற பழைய பாடியிலேயே 2014இல் இருந்து அது உண்டு, 2018இல் வந்த சோனி ஏ7 த்ரீயிலும் உண்டு, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். நான் ஒற்றைக் கார்டு பாடியோடு போய், ஒரு ரிசப்ஷனில் கார்டு படுத்து, மீட்பு சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து 900 படத்தில் 600 மட்டும் திரும்ப எடுத்தேன். அது ஃப்ரீலான்ஸ் போன நாள், ஸ்டூடியோ அண்ணன் டிரெடிஷனல் படங்களை வைத்துச் சமாளித்தார், எனக்குச் சம்பளம் பாதி. சொந்த ஆர்டராக இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான்தான் போய் நின்றிருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு நான் சொல்லப்போவது இதுதான். இன்னும் இரண்டு வருடம் பெரிய முகூர்த்தம் எல்லாம் ஃப்ரீலான்ஸ் போ, வருடத்துக்கு 5 சொந்த ஆர்டர் மட்டும் எடு, அதுவும் சின்னதாக, நிச்சயதார்த்தம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். ஐந்தையும் ஆல்பம் வரை முடித்து, பாக்கி வாங்கி, மணிக்கணக்கை எழுதிப் பார். எடிட்டிங்கில் உட்கார உனக்கு முதுகு இருக்கிறதா, பாக்கி கேட்க வாய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். படம் எடுக்க வருமா என்று எனக்குச் சந்தேகம் இல்லை, அவன் என்னைவிட நன்றாக எடுக்கிறான்.

இதை எழுதி முடிக்கும்போது அவனே போன் செய்தான். முதல் சொந்த ஆர்டர் வந்துவிட்டதாம், ஆவணியில், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், சித்தி மகள் கல்யாணம். அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம் என்றான். சித்தியிடம் எப்படியடா அட்வான்ஸ் கேட்பாய் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, அன்னைக்குக் கேண்டிட்டுக்கு நீங்க வர முடியுமா?" என்றான்.